நியூயார்க் சோஹோவில் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய லாஃப்ட் வீடு வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சோஹோவின் கிரீன் தெருவிலோ டிரைபெக்காவின் பிராங்க்ளின் தெருவிலோ ஒரு லாஃப்ட் வீடு (பழைய கிடங்கு அல்லது தொழிற்கூட மாடியை வீடாக்கியது) விற்பனைக்கு வந்தால், விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது அதன் உயரம்தான். 12 அடி, 14 அடியில் கூரை, நடுவே வரிசையாக நிற்கும் வார்ப்பிரும்புத் தூண்கள், தெருவைப் பார்த்த சுவர் முழுக்க ஜன்னல்கள், தடுப்பே இல்லாத நீண்ட கூடம். மன்ஹாட்டனில் இவற்றைவிட அழகான வீடுகள் இல்லை என்றே சொல்வேன். ஆனால் இந்தக் கட்டடங்களை யாரும் குடியிருப்பதற்காகக் கட்டவில்லை. துணி மூட்டைகளையும் தையல் இயந்திரங்களையும் வெண்ணெய், முட்டைப் பெட்டிகளையும் வைப்பதற்காகப் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கட்டினார்கள். மனிதர்கள் இங்கே வாழலாம் என்று சட்டம் சொன்னது ஏறக்குறைய நூறாண்டு கழித்துத்தான். அதுவும் பல நிபந்தனைகளோடு. அந்த நிபந்தனைகள் பல இன்றும் உயிரோடு இருக்கின்றன. லாஃப்ட் வாங்குவதில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த வரலாற்றிலிருந்தே கிளைக்கின்றன.

அதனால் இங்கே நான் சொல்லும் வரிசை வழக்கமான வீடு தேடலுக்கு நேர் எதிரானது. முதலில் சட்டத் தாள்கள், அடுத்து கட்டடத்தின் வரவு செலவு, அதன்பிறகே வீட்டுக்குள் நுழைந்து பார்ப்பது, கடைசியில் விலைப் பேச்சு. வீட்டைப் பார்த்து ஆசைப்பட்டபின் தாள்களைப் பார்ப்பவர்கள், தாளில் உள்ள குறைகளுக்கெல்லாம் தாங்களே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள்.

முதல் படி: அந்த இடம் எப்படி வீடானது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஹவுஸ்டன் தெருவுக்குத் தெற்கே, கனால் தெருவுக்கு வடக்கே இருப்பது சோஹோ. கனாலுக்குத் தெற்கே இருப்பது டிரைபெக்கா. 1950களில் ஜவுளி வியாபாரமும் சிறு தொழிற்சாலைகளும் இங்கிருந்து வெளியேறத் தொடங்கின. பழைய மரத்தளங்களில் அடிக்கடி தீப்பிடித்ததால் தீயணைப்பு வீரர்கள் இப்பகுதியை ‘நரகத்தின் நூறு ஏக்கர்’ என்று அழைத்தார்கள். நகரின் சாலைத் திட்டங்களை வகுத்த அதிகாரி ராபர்ட் மோசஸ் ப்ரூம் தெரு வழியாக ஒரு விரைவுச்சாலை போட்டு இதன் பெரும்பகுதியை இடிக்கத் திட்டமிட்டார். எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸும் அக்கம்பக்கத்தாரும் நடத்திய போராட்டம் பல ஆண்டுகள் நீண்டு, 1969இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

இடையில், காலியாகிக் கிடந்த மாடிகளில் கலைஞர்கள் குடியேறியிருந்தார்கள். பெரிய ஓவியம் வரைய இடம், தடையில்லாத வெளிச்சம், மிகக் குறைந்த வாடகை. ஆனால் அங்கே குடியிருந்ததே சட்டத்துக்குப் புறம்பானது. 1967இல் கலைஞர் ஜார்ஜ் மச்சூனஸ் வூஸ்டர் தெரு 80ஆம் எண்ணில் கலைஞர்கள் சேர்ந்து கட்டடத்தையே வாங்கும் கூட்டுறவு முறையைத் தொடங்கினார். 1968இல் சிற்பி டொனால்ட் ஜட் ஸ்பிரிங் தெரு 101ஆம் எண் கட்டடத்தை முழுதாக வாங்கினார். அது இன்று அவர் பெயரிலான அறக்கட்டளையிடம் இருக்கிறது. 1971இல் நகராட்சி மனமிறங்கி, சான்றிதழ் பெற்ற கலைஞர்கள் மட்டும் சோஹோவில் வாழ்ந்துகொண்டே வேலை செய்யலாம் என்றது. 1973இல் சோஹோ பாரம்பரிய வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. டிரைபெக்காவின் வட்டாரங்களுக்கு 1990களின் தொடக்கத்தில் அந்த நிலை கிடைத்தது.

பழைய வாசல்கள் சிலவற்றில் இன்னும் ‘ஏ.ஐ.ஆர்’ என்ற சிறு பலகையைப் பார்க்கலாம். இங்கே கலைஞர் குடியிருக்கிறார், எந்த மாடியில் என்று தீயணைப்புத் துறைக்குச் சொல்வதற்காக வைத்தது. தீப்பிடித்தால் மேலே ஆள் இருப்பது தெரிய வேண்டுமே! அப்படி ஒரு பலகை வாசலில் இருந்தால் அதை அழகுப் பொருளாக மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். அடுத்த படியின் கேள்விகளை அந்தக் கட்டடத்தில் இன்னும் அழுத்தமாகக் கேட்க வேண்டும்.

இரண்டாம் படி: அங்கே குடியிருக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டா?

இந்தக் கேள்வி சென்னையில் அடுக்குமாடி வீடு வாங்குபவருக்கு வினோதமாகத் தோன்றும். சோஹோவில் இதுதான் முதல் கேள்வி. அதற்கு விடை குடியிருப்புச் சான்றிதழில் இருக்கிறது. நகரின் கட்டடத் துறை ஒவ்வொரு கட்டடத்துக்கும், ஒவ்வொரு மாடிக்கும் என்ன பயன்பாடு அனுமதிக்கப்பட்டது என்று அதில் எழுதியிருக்கும். கட்டடத் துறையின் இணையதளத்தில் முகவரியைத் தட்டினால் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். வீட்டைப் போய்ப் பார்க்க நேரம் கேட்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

சான்றிதழில் நான்கு விதமான நிலை இருக்கலாம்.

அந்த மாடி சாதாரணக் குடியிருப்பு என்று தெளிவாக எழுதியிருந்தால் நிம்மதி.

‘கலைஞர்களுக்கான வாழ்விட-பணியிடம்’ என்று இருந்தால், சட்டப்படி அங்கே குடியிருப்பவர்களில் ஒருவராவது நகரின் கலாசாரத் துறையிடம் கலைஞர் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். சோஹோவின் பல கோ-ஆப் (கூட்டுறவு முறை) வீடுகள் இந்த வகைதான். பல ஆண்டுகளாகக் கலைஞர் அல்லாத வழக்கறிஞர்களும் வங்கியாளர்களும் இந்த வீடுகளை வாங்கிவந்தார்கள். ‘கலைஞர் விதி இருப்பது எனக்குத் தெரியும், சிக்கல் வந்தால் கட்டடத்துக்குப் பொறுப்பில்லை’ என்று ஒரு கடிதத்தில் வாங்குபவரிடம் கட்டட நிர்வாகம் கையெழுத்து வாங்கிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ‘சோஹோ கடிதம்’ என்றே அதற்குப் பெயர். பொறுப்பு முழுவதையும் உங்கள் தலையில் வைக்கும் கடிதம் அது. எல்லோரும் போடுகிறார்களே என்று போட்டுவிடக் கூடாது. 2021 டிசம்பரில் நகர மன்றம் சோஹோ, நோஹோ பகுதிகளின் நிலப் பயன்பாட்டு விதிகளை மாற்றியது. கலைஞர் வீட்டைச் சாதாரண வீடாக மாற்ற, சதுர அடிக்கு 100 டாலர் வீதம் கலை நிதிக்குச் செலுத்தும் வழியை அந்த மாற்றம் வகுத்தது. 1,500 சதுர அடி வீட்டுக்கு அது 1.5 லட்சம் டாலர். இந்தக் கட்டணத்தை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்கள் உண்டு. நீங்கள் வாங்கும் நாளில் சட்டம் எங்கே நிற்கிறது என்பதை வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, ‘இடைக்காலப் பல்குடி இல்லம்’ என்ற நிலை. 1982இன் லாஃப்ட் சட்டம், தொழிற்கூடங்களில் வாடகைக்குக் குடியிருந்தவர்களை உடனே வெளியேற்றாமல் காத்து, கட்டடத்தைத் தீப்பாதுகாப்பு விதிகளுக்குக் கொண்டுவரும்படி உரிமையாளரைக் கட்டாயப்படுத்தியது. அதை மேற்பார்வை செய்யும் லாஃப்ட் வாரியத்தில் கட்டடம் இன்னும் பதிவில் இருந்தால், செய்யாமல் விட்ட வேலைகள் மிச்சம் இருக்கின்றன என்று பொருள். வாடகைப் பாதுகாப்பு உள்ள பழைய குடியிருப்பாளர்களும் மற்ற மாடிகளில் இருக்கக்கூடும். அவர்களுடைய உரிமை நியாயமானது. நீங்கள் வாங்குவதால் அது மாறாது.

நான்காவது, சான்றிதழே இல்லாத நிலை. 1938க்கு முன் கட்டப்பட்டு, பயன்பாடு மாறாத கட்டடங்களுக்குச் சான்றிதழ் தேவையில்லை என்பதால் பழைய குடியிருப்புக் கட்டடங்கள் பல அப்படியே இருக்கின்றன. ஆனால் கிடங்காகப் பிறந்து வீடான கட்டடத்துக்கு அந்த விலக்கு உதவாது. பயன்பாடு மாறிய நாளிலேயே சான்றிதழ் கட்டாயமாகிவிட்டது. தற்காலிகச் சான்றிதழை வைத்துப் பல ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொண்டே போகும் கட்டடங்களும் உண்டு. காலாவதியான தற்காலிகச் சான்றிதழ் இருந்தால் வங்கிக் கடனே சிக்கலாகும்.

கட்டடத் துறையின் இதே இணையதளத்தில் அபராதங்கள், புகார்கள், முடிக்காத வேலை அனுமதிகளையும் பாருங்கள். முந்தைய உரிமையாளர் குளியலறை மாற்ற அனுமதி வாங்கி, முடித்ததாகக் கையெழுத்து வாங்காமல் விட்டிருந்தால் அந்த அனுமதி திறந்தே கிடக்கும். நாளை நீங்கள் சமையலறையை மாற்றப் போகும்போது அது குறுக்கே நிற்கும். விற்பவர் செலவில் அதை மூடித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

மூன்றாம் படி: கோ-ஆப்பா, காண்டோவா?

காண்டோவில் வீடு உங்கள் பெயரில் பத்திரமாகும். கோ-ஆப்பில் கட்டடத்துக்குச் சொந்தமான நிறுவனத்தின் பங்குகளையும், உங்கள் மாடியில் குடியிருக்கும் குத்தகை உரிமையையும் வாங்குகிறீர்கள். கலைஞர்கள் தொடங்கிவைத்த வழி என்பதால் சோஹோவின் பழைய லாஃப்ட்களில் கோ-ஆப் மிகுதி.

கோ-ஆப் வாரியம் (உரிமையாளர்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு) உங்கள் வருமானம், கடன், சேமிப்பு எல்லாவற்றையும் பார்த்து நேர்காணலும் நடத்தும். காரணம் சொல்லாமலே மறுக்கலாம். இனம், மதம், பிறந்த நாடு போன்றவற்றை வைத்து மறுப்பது மட்டும் சட்டவிரோதம். நம்மவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஊரில் நிலம், அம்மாவின் நகை, அண்ணன் பெயரில் பாதி வீடு என்று சொத்து இருக்கும். வாரியம் அவற்றைக் கணக்கில் எடுப்பது அரிது. முன்பணமும் செலவும் போக, உடனே எடுக்கக்கூடிய பணமாக எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையே பார்க்கும். ஓராண்டிலிருந்து இரண்டு ஆண்டுக்கான கடன் தவணையும் பராமரிப்புக் கட்டணமும் கையில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது வழக்கம். இந்தியாவில் உள்ள வைப்புத்தொகையைக் காட்டப்போகிறீர்கள் என்றால், விண்ணப்பத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே அதை அமெரிக்க வங்கிக் கணக்குக்கு மாற்றி, வந்த வழிக்கு ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் தரும் பணத்துக்கும் அவர்கள் கையெழுத்திட்ட அன்பளிப்புக் கடிதம் வேண்டும்.

நான்காம் படி: கட்டடத்தின் கணக்கைப் படியுங்கள்

சிறிய லாஃப்ட் கட்டடத்தில் மாடிக்கு ஒருவராக ஐந்து, ஆறு உரிமையாளர்கள்தான் இருப்பார்கள். 200 வீடுகள் உள்ள கட்டடத்தில் கூரை ஒழுகினால் செலவு 200ஆல் வகுபடும். இங்கே ஆறால் வகுபடும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்ற எல்லாவற்றையும் படிக்க வேண்டும்.

உங்கள் வழக்கறிஞர் இரண்டு ஆண்டுக் கணக்கறிக்கைகளையும் வாரியக் கூட்டக் குறிப்புகளையும் வாங்கிப் படிப்பார். குறிப்புகளை நீங்களும் படிக்க வழி உண்டா என்று கேளுங்கள். அறிக்கையில் இல்லாத உண்மை குறிப்புகளில் இருக்கும். ‘மூன்றாம் மாடியில் மீண்டும் கசிவு’ என்ற வரி தொடர்ந்து வந்தால், அது குழாயா, முகப்பா, கூரையா என்று தெரியாமல் மேலே போகாதீர்கள்.

குறிப்பாகப் பார்க்க வேண்டியவை மூன்று. முதலில் நடைபாதை நிலவறை. இந்தக் கட்டடங்களின் கீழ்த்தளம் பெரும்பாலும் முன்சுவரோடு நிற்காமல் நடைபாதைக்கு அடியிலும் நீளும். அந்தக் காலத்தில் மூட்டைகளை இறக்கவும் நிலக்கரி சேமிக்கவும் கட்டியது. அதற்கு வெளிச்சம் தர, வார்ப்பிரும்புச் சட்டத்தில் வட்ட வட்டக் கண்ணாடி வில்லைகளைப் பதித்து நடைபாதையாகவே போட்டார்கள். தாடியஸ் ஹயட் 1845இல் காப்புரிமை பெற்ற முறை. இன்றும் கிரீன் தெருவில் அவற்றின்மேல் நடக்கலாம். பக்கவாட்டில் ஊதா நிறம் ஏறிய பழைய கண்ணாடிகளைக் காணும்போது நின்று பார்க்கத் தோன்றும். பார்த்து முடித்தபின் கீழே இறங்கி, அதே இடத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். இரும்பு உத்திரம் அடுக்கடுக்காக உரிந்து, சுவரில் வெள்ளை உப்புப் பூத்து, தற்காலிக முட்டுத்தூண்கள் நிற்கின்றனவா? நிலவறையைப் பழுதுபார்க்கும் பொறுப்பு கட்டடத்தினுடையது. நடைபாதையைப் பெயர்த்து, நீர்புகாப் படலம் போட்டு, கண்ணாடி வில்லைகளைப் பாரம்பரிய விதிப்படி மீண்டும் பதிக்க வேண்டும். பேச்சுக்கு 6 லட்சம் டாலர் ஆனது என்று வைத்துக்கொண்டால், ஆறு பேர் உள்ள கட்டடத்தில் உங்கள் பங்கு ஒரு லட்சம். விற்பவர் திடீரென்று விற்க நினைத்ததற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

அடுத்தது முகப்பு. வார்ப்பிரும்பு முகப்பு என்பது அச்சில் வார்த்த உள்ளீடற்ற துண்டுகளைத் திருகாணியால் இணைத்தது. வெள்ளை, மஞ்சள் சாயம் பூசிக் கல் போலவே தோன்றச் செய்திருப்பார்கள். சிறு காந்தம் ஒன்றை எடுத்துப்போய்த் தூணில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் கல்லாகவோ, பிற்காலத்தில் கண்ணாடியிழையில் செய்து மாட்டிய மாற்றுத் துண்டாகவோ இருக்கலாம். தரைத்தளத் தூணின் அடியில் வார்ப்பாலையின் பெயர்கூடப் பல கட்டடங்களில் தெரியும். இணைப்புகளில் நீர் புகுந்தால் இரும்பு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். மேல்விளிம்புக்குக் கீழே பழுப்பு நிறக் கோடுகள் வழிந்திருக்கின்றனவா, தூண் தலையின் இலை வேலைப்பாட்டில் துண்டுகள் காணாமல் போயிருக்கின்றனவா என்று எதிர் நடைபாதையிலிருந்து தொலைநோக்கி வைத்துப் பாருங்கள். ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை முகப்பைப் பொறியாளரைக் கொண்டு சோதித்து அறிக்கை தர வேண்டும். ஐந்து, ஆறு மாடி லாஃப்ட்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. பலர் இதை வசதியாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரும் பல ஆண்டுகளாக அந்த முகப்பைக் கிட்டே போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, கீழே உள்ள கடை. கோ-ஆப்புக்குச் சொந்தமான தரைத்தளக் கடையின் வாடகை உங்கள் பராமரிப்புக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும். கட்டணம் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் கடையின் குத்தகை எப்போது முடிகிறது என்று கேளுங்கள். கடை ஓராண்டு காலியாகக் கிடந்தால் எவ்வளவு ஏறும் என்பதையும் கணக்குப் போடுங்கள். கடை உணவகமாக இருந்தால் புகைப்போக்கி எங்கே போகிறது என்றும் பாருங்கள். கட்டடத்தின் மேல் உள்ள பொதுக் கடன் எவ்வளவு, எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதும் இதே வகைக் கேள்வி. குறைந்த வட்டியில் வாங்கிய கடன் அடுத்த ஆண்டு முடிகிறது என்றால் கட்டணம் கட்டாயம் கூடும்.

25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு 2019ஆம் ஆண்டின் 97ஆம் எண் நகரச் சட்டம் கரியமில உமிழ்வு வரம்பு விதிக்கிறது. 2024இல் தொடங்கி 2030இல் அது மேலும் இறுகும். சிறு லாஃப்ட்கள் பல இதற்குள் வராது. பெரிய கிடங்குக் கட்டடங்கள் வரும். டிரைபெக்காவின் மேற்குத் தெருக்களில் பார்க்கிறீர்கள் என்றால் 2012 அக்டோபரில் சாண்டி புயலின்போது கீழ்த்தளத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றது, அதன்பின் மின்பலகையையும் கொதிகலனையும் மேலே ஏற்றினார்களா என்று கேளுங்கள்.

ஐந்தாம் படி: இப்போது வீட்டுக்குள் நுழையுங்கள்

மன்ஹாட்டனின் மனைகள் பொதுவாக 25 அடி அகலம், 100 அடி நீளம். அந்த மனையை நிறைத்து நிற்கும் கட்டடத்தில் வெளிச்சம் முன்னாலும் பின்னாலும் மட்டுமே. நடுப்பகுதி இருட்டு. வரைபடத்தில் நடுவே ‘வீட்டு அலுவலகம்’ என்று ஓர் அறை இருந்தால், ஜன்னல் இல்லாததால் சட்டப்படி அதைப் படுக்கையறை என்று எழுத முடியவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். மூன்று குழந்தைகளோடு போகிறவர்களுக்கு 2,000 சதுர அடி லாஃப்டில் இரண்டே படுக்கையறைகள்தான் கிடைக்கும் என்பது பெரிய ஏமாற்றமாக இருக்கும்.

பக்கச் சுவரில் ஜன்னல் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அது பெரும்பாலும் பக்கத்து மனையின் எல்லைக்கோட்டிலேயே நிற்கும். பக்கத்துக்காரர் மாடி எழுப்பினால் அந்த ஜன்னலைச் செங்கல் வைத்து மூடத்தான் வேண்டும். பாரம்பரிய வட்டாரம் என்பதால் யாரும் மேலே கட்ட முடியாது என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள். தெருவிலிருந்து கண்ணில் உறுத்தாத கூடுதல் மாடிகளுக்கு அனுமதி கிடைத்துக்கொண்டேதான் இருக்கிறது. பக்கத்து ஜன்னலின் வெளிச்சத்துக்குத் தனியாகப் பணம் தராதீர்கள்.

சோஹோவின் நீளத் தெருக்கள் வடக்கு-தெற்காக ஓடுவதால் முகப்புகள் கிழக்கையோ மேற்கையோ பார்க்கும். காலையில் ஒருமுறை, மாலை 4 மணிக்குமேல் ஒருமுறை பாருங்கள். தாழ்ந்த மாடிகளில் கூரை உயரம் கூடுதல், வெளிச்சம் குறைவு. மேலே போகப் போக நேர்மாறு. இரண்டில் எது வேண்டும் என்று முடிவு செய்யச் சொன்னால், நான் எப்போதும் வெளிச்சத்தைத்தான் எடுப்பேன்.

தரையை நடந்து பாருங்கள். செங்கல் சுவரிலிருந்து சுவருக்கு மர உத்திரங்கள் ஓடி, அகலமான கட்டடங்களில் நடுவே தூண்வரிசை தாங்கும். ஒரு நூற்றாண்டுக்கு மேல் பாரம் சுமந்த மரம் கொஞ்சம் தொய்ந்திருக்கும். ஒரு கோலிக்குண்டை வைத்தால் மெதுவாக ஒரு பக்கம் உருளும், அது வழக்கமானது. குளியலறை ஓரத்திலோ தூணின் அடியிலோ திடீரென்று குழிவு தெரிந்தால் உத்திரத்தின் நுனி நீரில் இற்றுப்போயிருக்கலாம். கட்டமைப்புப் பொறியாளரை அழைக்க வேண்டிய இடம் அது. சாதாரண வீட்டு ஆய்வாளர் போதாது. மரத்தளம் காலடி ஓசையை அப்படியே கீழே கடத்தும் என்பதால் தரையின் 80 சதவீதத்தைக் கம்பளம் போட்டு மூட வேண்டும் என்று பல கட்டடங்களில் விதி இருக்கும். அந்த அழகிய பழைய பலகைத் தரைக்காகவே வீட்டை வாங்குகிறவர்கள் இந்த விதியை முன்கூட்டியே படிக்க வேண்டும்.

லிஃப்ட் நேராக வீட்டுக்குள் திறப்பது லாஃப்டின் தனிச்சிறப்பு. பழைய சரக்கு லிஃப்டைத்தான் பெரும்பாலும் மாற்றியமைத்திருப்பார்கள். ஒரே லிஃப்ட் என்றால், அதைப் புதுப்பிக்கும் மாதங்களில் ஐந்தாம் மாடிக்குப் படியேறும் வயதான பெற்றோரை நினைத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டுக் கதவு தடையில்லாமல் திறக்கிறதா என்று நீங்களே திறந்து பாருங்கள்.

ஓசையைக் கேட்க இரவில் போங்கள். கிரீன், மெர்சர் தெருக்களின் கல் பதித்த பாதையில் குப்பை லாரி ஓடும் ஓசையைப் பகலில் கேட்க முடியாது. பிராட்வேக்கு அடியில் சுரங்க ரயில் ஓடுகிறது. கீழ் மாடிகளில் அதிர்வு தெரியும். ஹாலந்து சுரங்கத்துக்குப் போகும் வண்டிகள் கனால், வாரிக் தெருக்களில் வெள்ளிக்கிழமை மாலை ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்.

ஆறாம் படி: மாற்றங்கள் செய்ய நினைத்தால்

1965இல் அமைந்த பாரம்பரியச் சின்னங்கள் பாதுகாப்பு ஆணையம் வெளித்தோற்றத்தைப் பார்க்கிறது. ஜன்னலை மாற்றுவது, ஏர் கண்டிஷனரின் வெளிக்கருவியைக் கூரையில் வைப்பது, முகப்பின் சாயத்தை மாற்றுவது எல்லாவற்றுக்கும் அதன் அனுமதி வேண்டும். 9 அடி உயர மரச்சட்ட ஜன்னலுக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் ஜன்னலை மாட்ட முடியாது. விலை பல மடங்கு. முந்தைய உரிமையாளர் அனுமதியில்லாமல் மாற்றியிருந்தால் அந்த மீறலும் வீட்டோடு உங்களிடம் வரும். உட்புற வேலைக்கு ஆணையம் பெரும்பாலும் குறுக்கே நிற்காது.

உள்ளே குறுக்கே நிற்பது கட்டடத்தின் மாற்ற ஒப்பந்தம். கீழ்வீட்டின் படுக்கையறைக்கு மேலே உங்கள் குளியலறை வரக்கூடாது என்பது ஏறக்குறைய எல்லாக் கட்டடங்களிலும் உள்ள விதி. வேலைக்கு முன் கல்நார் இல்லை என்று சோதனைச் சான்று வேண்டும். ஈயச் சாயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் நகரம் வீடுகளில் அதைத் தடைசெய்தது 1960இல்தான். 1978க்கு முந்தைய வீட்டை வாங்குபவருக்கு அதைச் சோதிக்க 10 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது நாடு தழுவிய சட்டம். சிறு குழந்தை இருந்தால் அந்த உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஏழாம் படி: விலையும் வரியும்

விளம்பரத்தில் உள்ள சதுர அடியை அப்படியே நம்பி விலையை வகுக்காதீர்கள். கோ-ஆப்பில் பரப்பளவு அதிகாரபூர்வமான எண் அல்ல. சுவர் கனம், தூண், லிஃப்ட் கூடு எல்லாம் சேர்த்து எழுதியிருப்பார்கள். அளவு நாடாவோடு போங்கள். நகரின் சொத்துப் பதிவு இணையதளமான ஆக்ரிஸில் அதே கட்டடத்தின் மற்ற மாடிகள் என்ன விலைக்குக் கைமாறின என்று பாருங்கள். அதைவிட நல்ல ஒப்பீடு கிடையாது.

10 லட்சம் டாலருக்கும் அதற்கு மேலும் விலையுள்ள வீட்டுக்கு ‘மாளிகை வரி’ வாங்குபவரைச் சேரும். 10 லட்சத்தில் 1 சதவீதம், 20 லட்சத்தில் 1.25, 30 லட்சத்தில் 1.5, 50 லட்சத்தில் 2.25 என்று ஏறி, 2.5 கோடியில் 3.9 சதவீதம். வரம்பைத் தாண்டினால் முழு விலைக்கும் கூடிய விகிதம்தான். 19.99 லட்சத்துக்கு வரி 19,990 டாலர். 20 லட்சத்துக்கு 25,000. ஆயிரம் டாலர் பேரம் ஐயாயிரத்துக்கு மேல் மிச்சப்படுத்தும்.

காண்டோவுக்குக் கடன் வாங்கினால் அடமானப் பதிவு வரி உண்டு. 5 லட்சமும் அதற்கு மேலும் உள்ள கடனுக்கு வாங்குபவர் பங்கு 1.925 சதவீதம். 15 லட்சம் கடனுக்கு அது 28,875 டாலர். கோ-ஆப்பில் பங்குகள்தான் கைமாறுகின்றன என்பதால் இந்த வரி கிடையாது. பல கோ-ஆப்கள் விற்பனையின்போது கைமாற்றுக் கட்டணம் வசூலிக்கும். அது யார் கணக்கில் என்று முன்பே பேசிவிடுங்கள்.

எட்டாம் படி: ஒப்பந்தத்திலிருந்து சாவி வரை

வாய்மொழி ஒப்புதலுக்கு நியூயார்க்கில் மதிப்பில்லை. இரு தரப்பும் கையெழுத்திடும் வரை விற்பவர் வேறொருவருக்குக் கொடுக்கலாம். கையெழுத்தோடு 10 சதவீத முன்பணம் விற்பவரின் வழக்கறிஞரின் பாதுகாப்புக் கணக்குக்குப் போகும். தனி வீடுகளுக்கு உள்ளதுபோல், குறைகளை விற்பவரே படிவத்தில் வெளியிட வேண்டும் என்ற மாநிலச் சட்டம் கோ-ஆப்புக்கும் காண்டோவுக்கும் பொருந்தாது. அதனால் கேட்க வேண்டியதையெல்லாம் நீங்கள்தான் கேட்க வேண்டும். சோஹோ, டிரைபெக்கா லாஃப்ட்களில் பழகிய வழக்கறிஞரையே அமர்த்துங்கள். உறவினரின் வீட்டை நியூ ஜெர்சியில் பதிவு செய்து தந்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கலைஞர் சான்றிதழும் லாஃப்ட் வாரியமும் அவருக்குப் புதிதாக இருக்கும்.

ஒப்பந்தத்தில் நான்கு பாதுகாப்புகளையாவது கேளுங்கள்: கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வருவது, வாரியம் மறுத்தால் திரும்ப வருவது, திறந்து கிடக்கும் அனுமதிகளையும் அபராதங்களையும் விற்பவர் தீர்த்துத் தருவது, கையெழுத்துக்கு முன் வாரியம் முடிவெடுத்த சிறப்பு வசூலை (பெரிய செலவுக்காக உரிமையாளர்களிடம் தனியாகப் பிரித்து வாங்கும் தொகை) விற்பவரே ஏற்பது. நான்காவதைப் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். நிலவறைச் செலவு வாசலில் காத்திருக்கும் கட்டடத்தில் அந்த ஒரு வரி மிகப் பெரிய தொகை.

பதிவு நாளுக்கு முந்தைய இறுதிப் பார்வையில் எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறங்கள். நீராவிச் சூடேற்றி ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். எரிவாயு அடுப்பை ஏற்றுங்கள். நியூயார்க்கில் கசிவு கண்டுபிடித்து எரிவாயுவை நிறுத்தினால் மீண்டும் வர மாதக்கணக்கில் ஆகும். லிஃப்டின் மாடிச் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேட்டு, பழைய சாவிகளைச் செல்லாததாக்கச் சொல்லுங்கள். அந்தச் சாவிதான் உங்கள் வாசல் கதவு. காப்பீடு எடுக்கும்போது, கட்டடம் உங்கள் மேல் விதிக்கும் சிறப்பு வசூலுக்கும் ஈடு தரும் பிரிவை வழக்கமான தொகையைவிடக் கூட்டி எடுங்கள். குடிபுகுந்தபின், இது உங்கள் முதன்மை இல்லம் என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். கோ-ஆப், காண்டோ உரிமையாளர்களுக்கான சொத்துவரிச் சலுகைக்கு விண்ணப்பிக்க வேண்டியது நிர்வாகம்தான். நீங்கள் சொல்லாமல் அவர்களாகச் செய்ய மாட்டார்கள்.